ஆற்றுத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தால் போதுமா?

கோடை விடுமுறை விட்டதும் எங்கள் ராஜபாளையம் வீடுகளில் குழந்தைகள் பிடிக்கும் முதல் பிடிவாதம், "அம்மா, அய்யனார் கோவில் ஆத்துக்குப் போவோம்மா!" என்பதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளுக்குச் செண்பகத்தோப்பு. "மலைத் தண்ணி, பளிங்கு மாதிரி இருக்கு. என்ன பண்ணிடப் போவுது?" என்பார் என் மாமியார். குளிக்க வேண்டாமென்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகளை இறக்கிவிடுமுன் மூன்று விஷயங்களைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

முதலில் மலையைப் பாருங்கள். கீழே வெயில் காயும்போதே மேலே மழை கொட்டலாம். நமக்குப் பக்கத்தில் தென்காசி மாவட்டத்துப் பழைய குற்றாலத்தில், 2024 மே 17 அன்று திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. மலைமேல் கருமேகம் கூடினாலோ, தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்கி இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, துணியைக்கூட எடுக்க நிற்காமல் கரையேறிவிடுங்கள். புதுவெள்ளம் சாணம், குப்பை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வரும். இரண்டு மூன்று நாள் பொறுத்து, தண்ணீர் தெளிந்த பிறகு போகலாமே!

இரண்டாவது, பிள்ளையின் உடம்பைப் பாருங்கள். காலில் புண், சிராய்ப்பு இருந்தால் அன்று ஆற்றுக் குளியல் வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக உள்ளே போகும். காதில் சீழ் வடியும் குழந்தையும் தண்ணீரில் முங்கக் கூடாது.

மூன்றாவது, மூக்கு. வெதுவெதுப்பாகத் தேங்கிக் கிடக்கும் குளம் குட்டைகளில் ஒருவகை அமீபா இருக்கலாம். அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் இந்த நோய் வராது. மூக்கில் ஏறினால்தான் மூளைவரை போய்விடும். அபூர்வமான நோய்தான், ஆனால் வந்தால் பிழைப்பது அரிது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2024-ல் சில குழந்தைகள் இதற்குப் பலியானார்கள். கோழிக்கோட்டில் 14 வயதுப் பையன் ஒருவன் பிழைத்தான். சீக்கிரமே கண்டுபிடித்துச் சிகிச்சை தந்ததுதான் காரணம். ஆகவே வற்றிப்போன குட்டைகளில் பிள்ளைகளைக் குதிக்கவோ, அடிச்சேற்றைக் கலக்கவோ விடாதீர்கள். குளித்த சில நாட்களில் காய்ச்சலோடு கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால், கஷாயம் வைத்துக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். "குளத்தில் குளித்தான் டாக்டர்" என்று அவர் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. அய்யனார் கோவில் ஆற்றுத் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக ராஜபாளையத்து வீட்டுக் குடங்களுக்கும் வருகிறது. சோப்பையும் ஷாம்புவையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். குளிக்கிற தண்ணீரைத்தானே நாளைக்குக் குடிக்கவும் போகிறோம்!