ஓடிவிட நினைத்த நூலகர்!

குட்டீஸ், உங்கள் அண்ணனோ அக்காவோ படிக்கும் கல்லூரிக்கு எப்போதாவது போயிருக்கிறீர்களா? பாடம் நடத்தும் ஆசிரியர்களைத் தவிர இன்னும் பலர் அங்கே வேலை பார்ப்பார்கள். ஆய்வுக்கூட உதவியாளர், அலுவலக எழுத்தர், காவலாளி என்று பெரிய பட்டியலே உண்டு. நூலகத்தில் மேஜைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அவரைக் கவனித்தீர்களா?

'புத்தகத்துக்கு முத்திரை குத்திக் கொடுப்பது ஒரு வேலையா? போரடிக்காதா?' என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படி நினைத்த ஒருவர், அந்த வேலையை விட்டு ஓடிவிடவே பார்த்தார். இன்று அவரைத்தான் 'இந்திய நூலகத் துறையின் தந்தை' என்கிறோம். அவர் பெயர் எஸ்.ஆர்.ரங்கநாதன்.

கணக்கு வாத்தியார்

1892ம் ஆண்டு, சீர்காழியில் பிறந்தவர் ரங்கநாதன். சின்ன வயதிலேயே தந்தையை இழந்துவிட்டார். பேச்சில் திக்கல் வேறு. பேசும்போது வார்த்தை தடைபட்டால் எவ்வளவு கஷ்டமாக இருக்கும்! அப்படிப்பட்டவர் தேர்ந்தெடுத்த வேலை என்ன தெரியுமா? நாள் முழுவதும் பேச வேண்டிய ஆசிரியர் வேலை!

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதத்தில் எம்.ஏ., பட்டம் பெற்றார். 1917ல் மங்களூர் அரசுக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு கோவையிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் பாடம் நடத்தினார். விடாமுயற்சியால் திக்கலையும் மெல்ல மெல்லக் கட்டுப்படுத்தினார்.

அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகர் தேவைப்பட்டார். கல்லூரிச் சம்பளத்தை விட இதில் சம்பளம் அதிகம். நண்பர்கள் வற்புறுத்தவே, ரங்கநாதனும் விண்ணப்பம் போட்டார். நூலக வேலை பற்றி அவருக்கு எதுவுமே தெரியாது. நேர்முகத் தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன், கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தார். அவ்வளவுதான் தயாரிப்பு! ஆனாலும் வேலை கிடைத்துவிட்டது.

1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். சில நாட்களிலேயே வெறுத்துப் போனார். வகுப்பில் எப்போதும் மாணவர்களுக்கு நடுவில் இருந்தவர் ஆயிற்றே! இங்கே புத்தகம் இருந்தது. படிக்க வருபவர்கள்தான் இல்லை. அந்தத் தனிமையைத் தாங்க முடியாமல், 'என்னைக் கல்லூரிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்' என்று மேலிடத்தில் கெஞ்சினார்.

அதிகாரிகள் ஒரு நிபந்தனை போட்டனர். லண்டனுக்குப் போய் அங்குள்ள நூலகங்களைப் பார்த்துப் படித்துவிட்டு வர வேண்டும். அதன் பிறகும் பிடிக்காவிட்டால், கணித ஆசிரியராகவே திரும்பி விடலாம். ரங்கநாதன் கப்பல் ஏறினார்.

பொம்மைக் கடையில் பிறந்த யோசனை

லண்டனில் அவர் கண்ட காட்சி வேறு. அங்கே சிறுவர்கள், தொழிலாளர்கள், பெண்கள் என்று எல்லாரும் நூலகத்துக்கு வந்தனர். 'இது நம் ஊரிலும் நடந்தால் எப்படி இருக்கும்!' என்ற ஆசை அவருக்குள் புகுந்துகொண்டது. கணித ஆசிரியராகத் திரும்பும் எண்ணமே போய்விட்டது.

ஒருநாள் லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சின்னச் சின்ன உலோகத் துண்டுகள், திருகாணிகள், சக்கரங்கள்! அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் பாலமும் செய்யலாம், வண்டியும் செய்யலாம். புத்தகங்களின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துச் சேர்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

உதாரணமாக, நெற்பயிரில் வரும் நோயைத் தடுப்பது பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது. வேளாண்மை, நெல், நோய், தடுப்பு என்று அதைப் பிரிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்தோ எண்ணோ கொடுத்து, இடையில் முக்காற்புள்ளி (:) போட்டு இணைத்தால், அந்தப் புத்தகத்துக்கு ஓர் அடையாளம் கிடைத்துவிடும். அலமாரியில் அது எங்கே இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இதுதான் 1933ல் வெளியான 'கோலன் பகுப்பு முறை'. ஆங்கிலத்தில் முக்காற்புள்ளிக்குக் கோலன் என்று பெயர்.

1931ல் நூலகங்களுக்கான ஐந்து விதிகளையும் புத்தகமாக வெளியிட்டார். புத்தகம் இருப்பது பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற புத்தகம் உண்டு; ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஏற்ற வாசகர் உண்டு; வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது; நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பவை மற்ற நான்கும்.

வீட்டில் அவர் எப்படி?

சென்னையில் சுமார் இருபது ஆண்டுகள், விடுமுறையே எடுக்காமல், தினமும் 13 மணி நேரம் உழைத்தார் ரங்கநாதன். மனைவி சாரதாவை மணந்த அன்று, சடங்கு முடிந்த பிற்பகலே நூலகத்துக்குப் போய்விட்டார் என்றால் பாருங்களேன்!

கேட்கச் சிரிப்பாக இருக்கிறதா? கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் அப்பாவோ அம்மாவோ ஞாயிற்றுக்கிழமை கூட வீட்டில் இல்லாவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? ஒருவர் பெரிய சாதனை செய்யும்போது, அதில் ஒரு பங்கை வீட்டில் காத்திருப்பவர்களும் சுமக்கிறார்கள். ரங்கநாதனும் அதை மறக்கவில்லை போலிருக்கிறது. தன் சேமிப்பில் இருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கி, நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்தியபோது, அதில் மனைவியின் பெயரையும் சேர்த்தே வைத்தார்.

1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் இதுவே. இதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் ரங்கநாதன். உங்கள் ஊரில் கிளை நூலகம் இருக்கிறதே, அதற்கு வேர் இந்தச் சட்டம்தான்.

1957ல் பத்மஸ்ரீ விருது பெற்ற ரங்கநாதன், 1972ல் மறைந்தார். அவரது பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12, தேசிய நூலகர் தினம்.

அடுத்த முறை நூலகத்துக்குப் போனால், புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்குள்ள நூலகரிடம் கேளுங்கள். அப்படியே, 'இந்த வேலைக்கு எப்படி வந்தீங்க?' என்றும் கேட்டுப் பாருங்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு கதை உங்களுக்குக் கிடைக்கலாம்!