அழைத்தவர் யார்?



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளியொன்றின் அலுவலகத்தில் ஒரே ஒரு மின்மணி இருந்தது. ஆறு வகுப்பறைகளின் பொத்தான்களும் அந்த மணியோடுதான் இணைக்கப்பட்டிருந்தன. மணி ஒலித்தால் யாரோ அழைக்கிறார் என்பது விளங்கும். அழைத்தவர் யார் என்பது விளங்காது. பியூன் அறை அறையாகச் சென்று, "ஐயா, தாங்கள் அழைத்தீர்களா?" என்று கேட்டு வருவார்.

இப்போது நான் வாழும் நாவலூரில், பழைய மகாபலிபுரம் சாலையோரக் கண்ணாடி மாளிகைகளில் என் பழைய மாணவர் சிலர் பணிபுரிகின்றனர். அவர்களுள் ஒருவர், "அதே மணி கணிப்பொறிக்குள்ளும் இருக்கிறது, ஐயா" என்றபோது வியப்புற்றேன்.

விசைப்பலகை, வன்தட்டு, வலையட்டை முதலிய கருவிகள், தமக்குக் கவனிப்பு வேண்டியபோது செயலியின் வேலையை இடைநிறுத்தி அழைக்கின்றன. இதற்குக் குறுக்கீடு என்று பெயர். ஆங்கிலத்தில் 'இன்டரப்ட்' என்பர். 1984-இல் வெளிவந்த ஐ.பி.எம். ஏ.டி. கணிப்பொறியில் இதற்கெனப் பதினாறு கம்பிகள் இருந்தன. ஒன்று உள்ளிணைப்புக்குப் போக, எஞ்சியவை பதினைந்து. கருவிகள் பெருகின, கம்பிகள் பெருகவில்லை. ஆகவே பின்வந்த பி.சி.ஐ. முறையில் பல கருவிகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ள இடமளிக்கப்பட்டது.

கருவி ஒவ்வொன்றையும் பேணுவதற்கு 'டிரைவர்' எனப்படும் இயக்கி நிரல் ஒன்று உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமாகிய கெர்னல், பகிர்வுக்கு உடன்பட்ட இயக்கிகளை மட்டுமே ஒரே கம்பியில் சேர்க்கும். 'எனக்குத் தனிக்கம்பி வேண்டும்' என்று ஓர் இயக்கி முன்னரே பெற்றுவிட்டால், அடுத்து வருவதற்கு அங்கே இடமில்லை. பகிர்ந்த கம்பியில் அழைப்பு வந்ததும் கெர்னல் இயக்கிகளை வரிசையாக எழுப்பும். ஒவ்வொன்றும் தன் கருவியின் நிலைப்பதிவேட்டைப் படித்து, 'என்னுடையது' அல்லது 'என்னுடையதன்று' என்று விடையளிக்க வேண்டும். தன்னுடையதாயின் கருவியின் கோரிக்கையை நிறைவேற்றி, அழைப்பையும் அடக்க வேண்டும். அடக்காதவரை மணி ஓயாது.

இவ்விடத்தில் பொய் சொன்னால் என்ன ஆகும்? தன் கருவி அழைத்திருந்தும் ஓர் இயக்கி மறுத்தால், அழைப்பு மீண்டும் மீண்டும் வரும். ஓரிலட்சம் அழைப்புகளில் 99,900-க்கு மேற்பட்டவற்றுக்கு உரிமையாளர் இல்லையெனக் கண்டால், கெர்னல் அக்கம்பியையே மூடிவிடும். அதே கம்பியிலுள்ள குற்றமற்ற வன்தட்டும் அதனால் முடங்கக்கூடும். எப்போதும் 'என்னுடையதே' என்று கூறும் இயக்கியோ இன்னும் கொடியது. அந்தக் காவலையும் அது ஏமாற்றிவிடுகிறது.

பதிவேட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. சில கருவிகளில் அதைப் படித்த கணமே குறிப்புகள் அழிந்துவிடும். வருகைப்பதிவேட்டை முதலில் புரட்டியவர் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போவது போல! கைப்பேசியின் மின்வழங்கு சில்லில் கடிகாரம், மின்கல ஏற்றம், பொத்தான் ஆகிய பல பகுதிகள் ஒரே பதிவேட்டைப் பயன்படுத்துவதுண்டு. ஆளுக்கு ஆள் படித்தால் ஒருவர் செய்தியை மற்றவர் அழிப்பார். ஆகையால் ஒரு தலைமை இயக்கி மட்டும் படித்து, உரியவற்றுக்குச் செய்தியைப் பிரித்தளிக்கிறது.

1998-இல் வந்த பி.சி.ஐ. 2.2 விதிகள் கம்பிக்கு மாற்றாக, கருவியே தன் அழைப்பைச் செய்தியாக நினைவகத்துக்கு எழுதியனுப்பும் வழியைத் தந்தன. நம் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி செயலி பின்பற்றும் ரிஸ்க்-ஐந்து மரபில் வேறொரு நல்லேற்பாடு உண்டு. குறுக்கீடுகளைக் காக்கும் பகுதி ஒவ்வோர் அழைப்பு மூலத்துக்கும் ஓர் எண் தருகிறது. செயலி கேட்டதும் அந்த எண்ணைக் கொடுத்து, நிலுவைக் குறிப்பையும் அப்போதே நீக்குகிறது. வேறு அழைப்பு நிலுவையில் இல்லாதபோது இன்னொரு கரு வந்து கேட்டால், அதற்குப் பூச்சியமே விடை. ஒரே அழைப்பை இருவர் எடுத்துக்கொள்ளும் குழப்பம் இதனால் நீங்குகிறது.

உங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் லினக்ஸ் கணிப்பொறி இருந்தால், 'ப்ராக்' அடைவிலுள்ள 'இன்டரப்ட்ஸ்' என்னும் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரே வரியின் இறுதியில் காற்புள்ளியிட்டு இரண்டு மூன்று பெயர்கள் இருப்பின், அவை ஒரு மணியைப் பகிர்ந்துகொள்பவை.