நான்கு கன்றுகளின் வம்சம்

மயிலாப்பூர் ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலைச் சிலர் சமையலுக்கு வாங்குகிறார்கள். சிலர் விளக்குக்கு என்று சொல்லிக்கொள்கிறார்கள். தொடவே மாட்டேன் என்பவர் தி.நகரில் வாங்கும் பிஸ்கட், மிக்சர் பொட்டலங்களின் பின்பக்கப் பொடி எழுத்திலும் பெரும்பாலும் ‘பாமோலின்’ இருக்கும். இதில் மிகப் பெரும் பங்கு இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலில் வருவது. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியபோது இங்கே கையைப் பிசைந்தோம். அதற்கு முந்தைய ஆண்டே மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப்பனை இயக்கத்தை அறிவித்திருந்தது. 2025-26க்குள் 10 லட்சம் ஹெக்டேர் என்பது அப்போது வைத்த இலக்கு. பரப்பளவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். நடப்போகும் கன்று எந்த வம்சம் என்று கேட்பவர் குறைவு.

கேட்டால் கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கும். எண்ணெய்ப்பனையின் தாயகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு நான்கே நான்கு கன்றுகள் வந்தன. அவற்றின் பிள்ளைகள் சுமத்ராவின் டெலி வட்டாரப் புகையிலைத் தோட்டங்களில் அழகுக்காக நடப்பட்டு, பிறகு தோட்டப் பயிராகி, மலாயாவுக்கும் போயின. அங்கே தமிழர்கள் குலை வெட்டிய தோட்டங்களில் நின்றதும் இதே வழித்தோன்றல்கள்தான். இன்றைய வணிகக் கன்று, கெட்டி ஓடு கொண்ட டியூரா தாய்க்கும் ஓடே இல்லாத பிசிஃபெரா தந்தைக்கும் பிறந்த டெனெரா. தாய் வழி பெரும்பாலும் அந்த நான்கு மரங்களுக்குப் போகிறது. தந்தை வழியில் மிகப் பரவலாகப் பயன்படும் அவ்ரோஸ் வரிசையோ காங்கோவில் நின்ற ‘ஜோங்கோ’ என்ற ஒற்றை மரத்தில் போய் முட்டுகிறது. இவ்வளவு குறுகிய குடும்பத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்துகொண்டிருந்தால், புதிதாக ஒரு நோய் வரும்போது எதிர்த்து நிற்க உள்ளே சரக்கு இருக்காது.

சரக்கு காட்டில் இருக்கிறது. 1973இல் மலேசிய ஆய்வாளர்கள் நைஜீரிய ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்நாட்டுத் தோப்புகளில் விதை திரட்டினார்கள். அதில் மெதுவாக உயரும் குட்டை மரங்களும், நிறைவுறாக் கொழுப்பு கூடுதலாக உள்ள எண்ணெய் தருபவையும் அகப்பட்டன. நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு, கழுத்து வலிக்க அண்ணாந்து குலையறுப்பவருக்குக் குட்டை மரத்தின் அருமை தெரியும். கொலம்பியாவில் குருத்தழுகல் தோட்டம் தோட்டமாக அழித்தபோது, கைகொடுத்தது அமெரிக்கக் காட்டு இனமான எலெய்ஸ் ஒலிஃபெராவோடு சேர்த்த கலப்பினம். நெல்லிலும் இதே கதைதான்: குட்டை நோய்க்கு எதிர்ப்பைத் தேடி 6,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சலித்தபோது, உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றில்தான் அது கிடைத்தது.

காட்டு மரம் குறைவாகக் காய்க்கும், அதைப் பழக்கி எடுக்க இருபது வருடம் ஆகும் என்பார்கள். உண்மைதான், அதனால்தான் இன்றே தொடங்க வேண்டும். திசு வளர்ப்பு இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு பதில்: அது இருக்கும் மரத்தையே நகலெடுக்கும், இல்லாத குணத்தைக் கொண்டுவராது. கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்கு 200 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் கேட்கும் பயிர் நமக்கு எதற்கு என்ற கேள்விதான் கனமானது. எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. ஆனால் மானியம் கொடுத்து நடுவது என்று அரசு தீர்மானித்த பிறகு, வறட்சி தாங்கும் மரத்தைத் தேடாமல் நடுவது இரட்டைத் தவறு. தான்சானியா, ஜாம்பியா, கேமரூன், கினி-பிசாவ் நாடுகளின் விதையில் வளர்ந்த மரங்கள் இந்திய எண்ணெய்ப்பனை ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கின்றன. இந்த விதையை நெல்போலக் குளிர் அறையில் பல்லாண்டு பூட்டி வைக்க முடியாது. மரமாகவே காக்க வேண்டும், ஹெக்டேருக்கு 143 மரம்தான் கொள்ளும். ஆகவே நிலமும் ஆளும் தண்ணீரும் தேவை. 11,040 கோடியில் அதற்கென ஒரு பங்கை ஒதுக்குவது ஆடம்பரமல்ல.

இன்னும் ஒன்று பாக்கி. நம் மூலிகையையோ விதையையோ வெளிநாட்டவர் எடுத்தால் அனுமதியும் பலனில் பங்கும் கேட்கிறது 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம். அதைச் செயல்படுத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் அடையாற்றை அடுத்த தரமணியில்தான் இருக்கிறது. ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து வந்த குணத்தை வைத்து நாளை இந்திய ரகம் ஒன்று வெளியானால், அந்நாடுகள் அதே கணக்கை நம்மிடம் கேட்கும். என்ன கொடுப்போம் என்பதை இயக்கத்தின் விதிகளிலேயே இப்போதே எழுதிவைப்பது நல்லது.