தெரியுமா? சாதாரணத் தடிமன் பச்சைப் பிள்ளையின் மூச்சையே இறுக்கிவிடும்!

கற்பிட்டிக் கரையில் ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகத் தொடங்கினால் என்ன செய்வோம்? மல்லி அவித்துக் கொடுப்போம், நெஞ்சில் தைலம் தடவுவோம். "தடிமன்தானே, ரெண்டு நாளில போயிரும்" என்று உம்மம்மா சொல்வார். பெரும்பாலும் போயும் விடும். ஆனால் அதே தடிமன் வைரஸ் மூன்று மாதக் கைக்குழந்தையின் நெஞ்சில் இறங்கினால், ஒட்சிசன் வைக்கும் அளவுக்குக் கொண்டுபோய் விடலாம் என்பது தெரியுமா?

இது எங்கோ வெளிநாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். நமக்குப் பக்கத்து மாவட்டமான அநுராதபுரத்திலும், மழைப் பிரதேசமான கேகாலையிலும் 2013, 2014 ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடந்தது. மூச்சுத் தொற்றோடு வார்ட்டில் சேர்ந்த சின்னப் பிள்ளைகளின் மூக்குச் சளியை எடுத்துப் பார்த்தார்கள். உலர் வலயம், ஈர வலயம் என்ற வித்தியாசம் இல்லாமல் இரண்டு இடத்திலும் முன்னுக்கு நின்ற வைரஸ் ஆர்.எஸ்.வி.! வளர்ந்தவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் வெறும் தும்மல், இருமல். இரண்டு வயது முடிவதற்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைகளையும் ஒரு தடவையாவது தொட்டுவிடும். 2019இல் மட்டும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 36 லட்சம் பிள்ளைகள் இதனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்குக் கிட்ட ஆறு மாதம்கூட நிரம்பாத சிசுக்கள்.

இந்த வைரஸ் முதலில் யாரிடம் அகப்பட்டது தெரியுமா? மனிதனிடம் அல்ல, சிம்பன்சியிடம்! 1956இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுகூடத்தில் வளர்த்த சிம்பன்சிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தடிமன் வந்தது. அவற்றோடு வேலை செய்த ஒருவருக்கும் வந்தது. அடுத்த வருடமே பால்ட்டிமோரில் நோயுற்ற குழந்தைகளிடமும் அதே வைரஸ் இருப்பது தெரியவந்தது.

இன்னொன்றைக் கேளுங்கள். தடிமனுக்குப் பேர்போன ரைனோவைரஸில் 160க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அதில் 'சி' என்ற பிரிவு 2006இல்தான் கண்ணில் பட்டது. அது மனிதரிடமிருந்து தாவி, 2013இல் உகண்டாவின் கிபாலே காட்டில் 56 சிம்பன்சிகள் கொண்ட ஒரு கூட்டத்தில் ஐந்தைக் கொன்றுவிட்டது! சாதாரணத் தடிமன்!

சரி, பெரியவருக்கு மூக்கொழுகலாக முடிவது குழந்தைக்கு மட்டும் ஏன் மூச்சு முட்டாகிறது? குழாயின் அளவுதான் காரணம். குழந்தையின் நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டுபோகும் கடைசிச் சிறு குழாய்கள் அவ்வளவு மெல்லியவை. வைரஸால் உட்சுவர் வீங்கி, சளியும் அடைத்து, குழாயின் அகலம் பாதியானால் காற்றுக்கு வரும் தடை இரண்டு மடங்கல்ல, 16 மடங்கு! போதாக்குறைக்கு, சில மாதக் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். மூக்கடைத்தால் பால் குடிக்கவும் முடியாது. இரண்டு வாய் உறிஞ்சுவார்கள், விட்டுவிட்டு அழுவார்கள்.

அப்போது சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே உள்ளிழுத்துக் குழி விழுகிறதா? மூக்குத் துவாரம் விரிகிறதா? பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லைகள் இவை. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ பிள்ளைக்கு மூச்சு வேகம் என்று அர்த்தம். எந்த மெஷினும் வேண்டாம், கைத்தொலைபேசியில் உள்ள கடிகாரம் போதும்!

பார்மசியில் அன்டிபயோட்டிக் கேட்டு நிற்பதில் பயனில்லை, அது வைரஸைத் தொடாது. ஒரு வயதுக்குள் தேனும் வேண்டாம். விறகடுப்புப் புகையிலிருந்தும் பீடி, சிகரெட் புகையிலிருந்தும் பிள்ளையைத் தள்ளி வையுங்கள். வெளியிலிருந்து தடிமனோடு பிள்ளையைக் கொஞ்ச வருகிறவர்களைத் தடுப்பது மரியாதைக் குறைவு இல்லை. கை கழுவாமல் தொட வேண்டாம் என்று நேராகவே சொல்லலாம்.

தடுப்பூசி? 1960களில் ஒரு முயற்சி நடந்தது. ஊசி போட்ட குழந்தைகளுக்கு நோய் இன்னும் கடுமையாக வந்து, இருவர் இறந்தே போனார்கள். அந்த அடி மறக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. வைரஸ் உயிரணுவில் ஒட்டும் புரதத்தின் உண்மையான வடிவத்தை 2013இல் பிடித்த பிறகுதான் வழி திறந்தது. 2023இல் அமெரிக்கா அனுமதித்த தடுப்பூசிகளில் ஒன்று பிள்ளைக்கு அல்ல, வயிற்றில் சுமக்கும் தாய்க்கு! அவரது உடலில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி கருவுக்குள் போய், பிறந்த முதல் மாதங்களில் காவல் நிற்கிறது. 2025 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமும் அதற்குத் தகுதி அளித்தது.

உதடு நீலமாகிறதா, பால் அறவே குடிக்கவில்லையா, மூச்சு இடையில் நிற்கிறதா? தெரிந்த முச்சக்கர வண்டிக்காரரைத் தேடி நேரம் கழிக்காதீர்கள். கரையின் எந்தக் குடியிருப்பிலிருந்தும் 1990ஐ அழுத்துங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.