லண்டனில் பழைய காருக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு, கிள்ளான் லோரிக்கு?

லண்டனில் இருக்கும் பிள்ளைகளையும் உறவினர்களையும் பார்க்க மேரு, காப்பார், கிள்ளான் பக்கத்தில் இருந்து போய் வருகிறவர்கள் உண்டு. அங்கே உறவுக்காரர் காரை இரவல் வாங்கி, வெம்ப்லி கடைத்தெருவுக்கோ ஹைகேட் முருகன் கோயிலுக்கோ ஓட்டிச் சென்று திரும்பியிருப்பார்கள். சில வாரம் கழித்து அந்தக் காரின் சொந்தக்காரர் வீட்டுக்கு ஒரு சம்மன் வந்து சேரலாம். வேகமாக ஓட்டியதற்காக அல்ல, தவறான இடத்தில் நிறுத்தியதற்காகவும் அல்ல. அந்தக் கார் விடும் புகைக்காக.

அங்குள்ளவர்கள் இதை 'யூலெஸ்' என்பார்கள். தமிழில் 'மிகக் குறைந்த உமிழ்வு மண்டலம்' என்று எழுதலாம். மாசு அதிகம் வெளியேற்றும் வாகனம் இந்த எல்லைக்குள் ஓடினால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். நம் பணத்தில் ஏறக்குறைய 70 ரிங்கிட். 29 ஆகஸ்ட் 2023 முதல் லண்டனின் எல்லா வட்டாரங்களும் இதற்குள் வந்துவிட்டன. ஹீத்ரோ விமான நிலையமும் உள்ளேதான். நகரைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலை மட்டும் வெளியே.

டோல் சாவடியைப் போல் இதற்குக் கதவு கிடையாது. கேமரா பதிவு எண்ணைப் படிக்கும். வண்டி எந்த வகை என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். பணத்தை நாமாகத்தான் கட்ட வேண்டும். ஓட்டிய நாளுக்குப் பின் மூன்றாம் நாள் நள்ளிரவு வரை அவகாசம் உண்டு. தவறினால் அபராதம் 180 பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஆயிரம் ரிங்கிட். 14 நாளுக்குள் கட்டினால் பாதி. கிறிஸ்துமஸ் தினம் தவிர ஆண்டு முழுவதும், இரவு பகல் என்றில்லாமல் இது நடப்பில் இருக்கும். கணக்கு நள்ளிரவில் இருந்து நள்ளிரவு வரை. கோயில் பூசை முடிந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு இரவு ஒரு மணிக்கு வீடு திரும்பினால் இரண்டு நாளாகிவிடும்: 25 பவுண்டு. நகர மையத்தில் வசூலிக்கப்படும் நெரிசல் கட்டணம் வேறு. ஒன்றைக் கட்டினால் மற்றது கழியாது.

எந்த வண்டிக்குக் கட்டணம் என்பதில்தான் பலருக்குக் குழப்பம். காரின் வயது மட்டும் கணக்கில்லை. பெட்ரோல் கார் 'யூரோ 4' தரத்தில் இருந்தால் போதும். பெரும்பாலும் 2006க்குப் பின் பதிவான கார்கள் தேறிவிடும். டீசல் கார் என்றால் 'யூரோ 6' வேண்டும். அது பெரும்பாலும் செப்டம்பர் 2015க்குப் பின் பதிவானவை. 2008ல் வாங்கிய பெட்ரோல் கார் இலவசமாகப் போகும். 2013ல் வாங்கிய டீசல் கார் பணம் கட்டும். இது என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றும்.

காரணம் நைட்ரஜன் ஆக்சைடு. மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் இந்த வாயுவில் பெட்ரோல் யூரோ 4 காருக்கு அனுமதி கிலோமீட்டருக்கு 0.08 கிராம். அதே காலத்து டீசல் காருக்கு 0.25 கிராம் வரை விட்டுக்கொடுத்திருந்தார்கள். டீசலும் 0.08க்கு இறங்கியது யூரோ 6ல்தான். ஆக, இரண்டுக்கும் கோடு ஒன்றே. டீசல் அந்தக் கோட்டுக்கு வந்து சேர ஏறக்குறைய பத்து ஆண்டு பிந்தியது.

ஆனால் டீசல் கார் வாங்கியவர்களின் கோபத்திலும் அர்த்தம் இருக்கிறது. 2001ல் பிரிட்டன் அரசாங்கமே சாலை வரியைக் கரியமில வாயு அளவோடு இணைத்தது. டீசல் கார் அந்த வாயுவைக் குறைவாக வெளியேற்றியதால் வரியும் குறைந்தது. மக்கள் டீசலுக்கு மாறினார்கள். பிறகு 2015ல் வோல்க்ஸ்வேகன் நிறுவனம் சோதனைக் கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளைப் பொருத்தியிருந்தது அம்பலமானது. அரசாங்கம் சொன்னதைக் கேட்டு வாங்கியவர்தான் கடைசியில் பணம் கட்டினார்.

லண்டன் இந்த இடத்துக்கு ஒரே நாளில் வரவில்லை. 2008 பிப்ரவரியில் முதலில் பிடித்தது கார்களை அல்ல, 12 டன்னுக்கு மேற்பட்ட லோரிகளை. தரமில்லாத லோரி நாளொன்றுக்கு 200 பவுண்டு கட்டியது. அடுத்துச் சிறிய லோரிகளும் பஸ்களும் வந்தன. யூலெஸ் திட்டத்தை 2015ல் அறிவித்தவர் அப்போதைய மேயர் போரிஸ் ஜான்சன். ஏப்ரல் 2019ல் நகர மையத்தில் தொடங்கியவர் அவருக்கு அடுத்து வந்த சாதிக் கான். அக்டோபர் 2021ல் வடக்கு, தெற்கு சர்க்குலர் சாலைகள் வரை விரிந்தபோது ஈஸ்ட்ஹாம் தமிழர்கள் உள்ளே வந்தார்கள். வெம்ப்லி, ஹாரோ, டூட்டிங், குரோய்டன் தமிழர்களின் முறை 2023ல்.

கடைசிக் கட்டம்தான் பெரிய சண்டை. உள்நகரில் கார் இல்லாமல் காலம் தள்ளலாம். வெளிவட்டாரத்தில் விடிகாலை வேலைக்குப் போகும் தாதிக்கும், வேனில் கருவிகளோடு திரியும் குழாய் பழுதுபார்ப்பவருக்கும் அது முடியாது. ஹாரோ உட்பட ஐந்து உள்ளாட்சி மன்றங்கள் வழக்குத் தொடுத்துத் தோற்றன. ஜூலை 2023ல் ஜான்சன் விட்டுப்போன அக்ஸ்பிரிஜ் தொகுதி இடைத்தேர்தலில் பேச்செல்லாம் இதுதான். கைவிட்டுப் போகும் என்று கருதப்பட்ட அத்தொகுதியைக் கன்சர்வேட்டிவ் கட்சி 495 வாக்கில் தக்கவைத்தது. பழைய காரை ஒப்படைத்தால் 2,000 பவுண்டு தரும் திட்டம் முதலில் அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் மட்டுமே இருந்தது. எல்லா லண்டன்வாசிகளுக்கும் அதைத் திறந்துவிட்டது 21 ஆகஸ்ட் 2023ல், கட்டணம் தொடங்க எட்டே நாள் இருக்கும்போது. என் பார்வையில் லண்டன் செய்த பிழை இதுதான். பணம் முதலில் வந்திருக்க வேண்டும், கேமரா அப்புறம்.

எதற்கு இவ்வளவு பிடிவாதம்? எல்லா அடூ-கிஸி-டெப்ரா என்ற சிறுமியின் பெயரை லண்டனில் பலரும் அறிவார்கள். தெற்கு சர்க்குலர் சாலைக்கு அருகில் வசித்தவள். கடும் ஆஸ்துமாவால் மருத்துவமனைக்கு அலைந்தவள். 2013 பிப்ரவரியில், ஒன்பது வயதில் இறந்தாள். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசும் அவள் மரணத்துக்குக் காரணம் என்று தீர்ப்பளித்தார். பிரிட்டனில் ஒருவரின் மரணக் காரணமாகக் காற்று மாசு பதிவானது அதுவே முதல் முறை. இப்போதைய காற்று எப்படி? இத்திட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கும் அளவோடு ஒப்பிட்டால் நைட்ரஜன் டைஆக்சைடு 27 விழுக்காடு குறைந்துள்ளதாக லண்டன் மேயர் அலுவலகம் 2025ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

ஐரோப்பாவில் எல்லா ஊரும் ஒன்றல்ல. ஜெர்மனி 2008லேயே பெர்லின், கொலோன் நகரங்களில் தொடங்கியது. அங்கே நாள் கட்டணம் இல்லை. கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் வேண்டும், இல்லையேல் 100 யூரோ அபராதம். பாரிஸிலும் ஸ்டிக்கர்தான், ஆனால் இந்த மண்டலங்களையே ஒழிக்கச் சொல்லிப் பிரான்ஸ் நாடாளுமன்றத்தின் கீழவை 2025ல் வாக்களித்தது. புறப்படும் முன் அந்தந்த நகரத்தின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. வாடகைக் கார்கள் பொதுவாகப் புதியவை. சிக்கல் வருவது பெரும்பாலும் இரவல் காரில்.

சரி, நம் ஊர்? இங்கே இப்படியொரு மண்டலம் இல்லை. ஆனால் 2009ஐ நினைவு வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். அவ்வாண்டு மார்ச்சில், பத்து ஆண்டு பழைய காரைக் கொடுத்துப் புதிய புரோட்டோன் அல்லது பெரோடுவா வாங்குவோருக்கு 5,000 ரிங்கிட் கழிவு என்று அரசாங்கம் அறிவித்தது. அக்டோபரில், 15 ஆண்டைத் தாண்டிய கார்கள் சாலை வரியைப் புதுப்பிக்கக் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பவே சில வாரத்துக்குள் அதை மீட்டுக்கொண்டது. தோட்டத்தில் இருந்து வெளியேறி, தாமானில் வீடு எடுத்து, பழைய சாகாவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்ற குடும்பத்துக்கு அந்தக் கார் ஆடம்பரப் பொருள் இல்லை. (இன்னொரு செய்தி: 40 ஆண்டைத் தாண்டி வரலாற்று வாகனமாகப் பதிவான காருக்கு லண்டனில் கட்டணமே கிடையாது. 1985ல் வெளிவந்த முதல் சாகாக்கள் அந்த வயதை எட்டிவிட்டன.)

ஜாலான் மேருவிலும் ஜாலான் காப்பாரிலும் பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். மூக்கைப் பொத்த வைப்பது பழைய சாகா அல்ல. கன்டெய்னர் லோரியும் மண் லோரியும். அதைப் 'புகைவண்டி' என்று எழுதவும் முடியாது, அந்தச் சொல்லை ரயில் எடுத்துக்கொண்டுவிட்டது. லோரி போன்ற வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும் என்ற விதி இங்கே ஏற்கெனவே உண்டு. 1996ஆம் ஆண்டு டீசல் புகைக் கட்டுப்பாட்டு விதிமுறைகளும் உண்டு. அதன்படி சுற்றுச்சூழல் இலாகா சாலையில் லோரியை நிறுத்திப் புகையின் கருமையை அளக்கலாம், அளவு மீறினால் நடவடிக்கை எடுக்கலாம்.

எரிபொருளும் மாறிவிட்டது. ஏப்ரல் 2021 முதல் இங்கே விற்கப்படும் டீசல் யூரோ 5 தரம். கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. முன்பு யூரோ 2 தரத்தில் 500 வரை இருந்தது. இதை வைத்துச் சிலர் "நான் யூரோ 5 ஊற்றுகிறேன், என் வண்டி யூரோ 5" என்கிறார்கள். எண்ணெய் தரம் வேறு, இயந்திரத்தின் தரம் வேறு. இருபது ஆண்டு பழைய லோரியில் நல்ல டீசலை ஊற்றினால் கந்தகம் குறையும். அந்த லோரியில் இல்லாத புகை வடிகட்டி தானாக முளைக்காது.

லண்டனைப் பார்த்து இங்கே எதையாவது எடுத்துக்கொள்வதானால் 2023ஐ அல்ல, 2008ஐ எடுக்க வேண்டும் என்பேன். முதலில் பெரிய லோரிகள், அதன் பிறகே மற்றவை. நம்மவர்களில் ஒரே லோரியை வைத்துப் பிழைக்கும் உரிமையாளர்களும் உண்டு. அவர்களுக்கு மாற்று வண்டி வாங்க உதவி கையில் கிடைத்த பிறகுதான் கேமரா வர வேண்டும்.

அதுவரை, கறும்புகை கக்கிக்கொண்டு போகும் லோரியைக் கண்டால் பதிவு எண், இடம், தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்துச் சுற்றுச்சூழல் இலாகாவிடம் புகார் செய்யலாம். படம் இருந்தால் இன்னும் நல்லது. ஓட்டுநர் எடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எடுக்கட்டும்.