தள்ளிவைத்ததால் வளர்ந்த ஒவ்வாமை

குழந்தைகளுக்கு வரும் வேர்க்கடலை ஒவ்வாமையைப் பெருமளவு தடுக்க முடியும் என்று சோதனை மூலம் நிறுவியவர் கிடியன் லாக். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் குழந்தைகள் ஒவ்வாமைத் துறைப் பேராசிரியர். எவலினா லண்டன் குழந்தைகள் மருத்துவமனையின் ஒவ்வாமைப் பிரிவை நடத்தியவர். அவர் கண்ட தீர்வு, எந்தக் கடலைக்குக் குழந்தையின் உடல் பின்னாளில் பகை காட்டக்கூடுமோ, அந்தக் கடலையையே உரிய வயதில் ஊட்டுவது. மருத்துவ உலகம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததற்கு இது நேர் எதிரானது.

தீங்கற்ற ஒரு புரதத்தை நோய்க்கிருமி என்று நோய் எதிர்ப்பு மண்டலம் தவறாக எடுத்துக்கொள்வதுதான் உணவு ஒவ்வாமை. முதல் அறிமுகத்தில் வெளியே எதுவும் தெரியாது. ஆனால் உள்ளே, கடலைப் புரதத்துக்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உருவாகி, தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை அதே புரதம் வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. உடம்பெல்லாம் தடிப்பு, உதட்டில் வீக்கம், வாந்தி என்று தொடங்கி, சிலருக்கு மூச்சுத்திணறலும் ரத்த அழுத்தச் சரிவும் சேர்ந்து அனாஃபிலாக்சிஸ் என்ற ஆபத்தான நிலையில் முடியும். உடனே அட்ரினலின் ஊசி போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து. பால், முட்டை ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளர மறைந்துவிடும். கடலை ஒவ்வாமையோ பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடரும்.

ஒவ்வாமை தருவதைத் தவிர்த்தால் ஒவ்வாமை வராது என்பது பார்வைக்கு நியாயமான வாதம். 1998இல் பிரிட்டன் அரசு, ஒவ்வாமைப் பின்னணி உள்ள குடும்பங்களில் குழந்தைக்கு மூன்று வயது ஆகும்வரை கடலை கொடுக்க வேண்டாம் என்றது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும்கூடத் தவிர்க்கலாம் என்றது. 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் இதே வழியில் அறிவுரை தந்தது. ஆனாலும் ஒவ்வாமை குறையவில்லை. அமெரிக்கக் குழந்தைகளிடையே தொலைபேசி வழி நடந்த கணக்கெடுப்புகளில் 1997இல் 0.4 சதவீதமாக இருந்த கடலை ஒவ்வாமை, 2008இல் 1.4 சதவீதமானது.

வாயால் சாப்பிடாத குழந்தைக்குக் கடலை எந்த வழியாக அறிமுகமாகிறது? லாக் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு தடயம் தந்தது. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் பிறந்த சுமார் 14,000 குழந்தைகளின் தரவுகளை ஆராய்ந்தபோது, கடலை ஒவ்வாமை வந்தவர்களில் பலருக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் எக்ஸிமா என்ற தோல் அழற்சி இருந்திருக்கிறது. அந்தப் புண்களுக்குக் கடலை எண்ணெய் கலந்த களிம்புகள் தடவப்பட்டிருக்கின்றன. தாய் கர்ப்ப காலத்தில் கடலை சாப்பிட்டதற்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பு தென்படவில்லை.

இதிலிருந்து லாக் ஒரு கருதுகோளை வகுத்தார். எக்ஸிமாவால் வெடித்த தோல் வழியாக உள்ளே நுழையும் உணவுப் புரதத்தை உடல் எதிரியாகப் பதிவுசெய்கிறது. வாய் வழியாகக் குடலுக்குச் செல்லும் அதே புரதத்தை உணவாக ஏற்கப் பழகுகிறது. எது முந்துகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. தோல் வழிக்குக் களிம்புதான் தேவை என்பதில்லை. பெரியவர்கள் கடலை சாப்பிடும் வீட்டில் அதன் புரதம் கைகளிலும் மேசையிலும் படுக்கைத் தூசியிலும் தங்குவதைப் பின்னாளைய ஆய்வுகள் அளந்தே காட்டின. ஆக, குழந்தையின் தட்டிலிருந்து மட்டும் கடலையை விலக்கியது தோல் வழியைத் திறந்துவைத்து, வாய் வழியை மூடியதாக ஆயிற்று.

இன்னொரு தடயம் இஸ்ரேலில் கிடைத்தது. டெல் அவிவில் மருத்துவர்களிடையே பேசியபோது, கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகளைப் பார்த்தவர்கள் கைதூக்குமாறு லாக் கேட்டார். சுமார் இருநூறு பேர் இருந்த அரங்கில் இரண்டு மூன்று கைகள்தான் உயர்ந்தன. பிரிட்டனில் இதே கேள்விக்கு ஏறக்குறைய எல்லோருமே கைதூக்கியிருப்பார்கள். இஸ்ரேலியக் குழந்தைகள் பல் முளைக்கும் பருவத்திலேயே ‘பாம்பா’ என்ற நொறுக்குத்தீனியைச் சப்பத் தொடங்குகிறார்கள். உப்பவைத்த சோளத்தின் மேல் கடலை விழுது பூசிய பண்டம் அது; வாயில் வைத்ததும் கரைந்துவிடும். இரு நாட்டு யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில், கடலை ஒவ்வாமை பிரிட்டனில் 1.85 சதவீதம், இஸ்ரேலில் 0.17 சதவீதம், ஏறத்தாழப் பத்து மடங்கு வேறுபாடு. வம்சாவளி ஒன்றாக இருந்தும் இந்த வேறுபாடு என்பதால், மரபணு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

ஒப்பீடு காரணத்தை நிரூபித்துவிடாது. அதற்காகவே லாக் குழு ‘லீப்’ என்ற சோதனையை நடத்தியது. கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இரண்டுமோ உள்ள, 4 முதல் 11 மாத வயதுக் குழந்தைகள் 640 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். முதலில் தோலில் கடலைச் சாற்றுத் துளியை வைத்து மெல்லக் குத்திப் பார்த்தார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தவர்களுக்கு ஏற்கெனவே ஒவ்வாமை இருக்கக்கூடும் என்பதால் அவர்களைச் சேர்க்கவில்லை. மற்றவர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாயினர். ஒரு பிரிவினர் ஐந்து வயது வரை கடலையைத் தொடக்கூடாது. மறு பிரிவினர் வாரத்துக்குக் குறைந்தது 6 கிராம் கடலைப் புரதத்தை மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வேளைகளில் உண்ண வேண்டும்; ஏறக்குறைய 24 கிராம் கடலை. பாம்பாவாகவோ கடலை வெண்ணெயாகவோ அது தரப்பட்டது. பெற்றோர் சொல்வதை மட்டும் நம்பாமல், குழந்தையின் படுக்கைத் தூசியில் கடலைப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்றும் அளந்தார்கள்.

2015 பிப்ரவரியில் முடிவு வெளியானது. ஐந்து வயதில், தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்குக் கடலை ஒவ்வாமை இருந்தது, உண்டவர்களில் 3.2 சதவீதத்தினருக்கு மட்டுமே. அதாவது 81 சதவீதக் குறைவு. தொடக்கத் தோல் சோதனையில் லேசாகத் தடித்த குழந்தைகளிடமும் பலன் தெரிந்தது. பிறகு ஓராண்டு முழுக்கக் கடலையை நிறுத்திப் பார்த்தபோதும் பாதுகாப்பு விலகவில்லை. 2024இல் வந்த தொடராய்வில், அவர்கள் பதின்பருவத்தை எட்டிய நிலையில், தவிர்த்த பிரிவில் 15.4 சதவீதம், உண்ட பிரிவில் 4.4 சதவீதம் என்று வேறுபாடு நீடித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் விரும்பியபடி கடலையை உண்டும் விட்டும் வந்தவர்கள்.

2017இல் அமெரிக்க வழிகாட்டுதல் தலைகீழாக மாறியது. கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்குப் பரிசோதனை செய்துவிட்டு 4 முதல் 6 மாதத்துக்குள்ளும், மிதமான எக்ஸிமா உள்ள குழந்தைக்கு 6 மாத அளவிலும் கடலை அறிமுகமாகலாம் என்று அது கூறியது. 2025இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இதற்குப் பிறகு மூன்று வயதுக்குட்பட்டோரிடம் கடலை ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டது. எல்லா இடத்திலும் இதே வேகம் இல்லை; ஆஸ்திரேலியாவில் வழிகாட்டுதல் மாறிய பின்னும் குறைவு சிறிதாகவே இருந்தது.

எல்லா உணவுக்கும் இதே முடிவு பொருந்தும் என்றும் சொல்லிவிட முடியாது. லாக் பங்கேற்ற ‘ஈட்’ ஆய்வில் 1,303 குழந்தைகளில் ஒரு பாதியினருக்குப் பால், முட்டை, கடலை, எள், மீன், கோதுமை ஆறையும் மூன்று மாதத்திலிருந்தே கொடுக்கச் சொன்னார்கள். பாதிப் பெற்றோரால்கூட அதை முழுமையாகப் பின்பற்ற முடியவில்லை. ஒட்டுமொத்தக் கணக்கில் தெளிவான பலன் கிடைக்கவில்லை. முறையாகக் கொடுத்த குடும்பங்களில் மட்டும் கடலை, முட்டை ஒவ்வாமை குறைந்திருந்தது.

கடலையை உரிய வயதில் ஊட்டுவது வருமுன் காக்கும் வழி. வந்துவிட்ட ஒவ்வாமைக்கு வைத்தியம் அல்ல. ஏற்கெனவே கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு வீட்டில் கொடுத்துப் பார்ப்பது ஆபத்து. கடும் எக்ஸிமா உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். மற்றக் குழந்தைகளுக்கு இணை உணவு தொடங்கும் காலத்தில் கடலையை மைய அரைத்து, கூழிலோ கஞ்சியிலோ கலந்து சிறிதளவு கொடுக்கலாம். ஒத்துக்கொண்டால் வாரந்தோறும் தொடரலாம். முழுக் கடலை மூச்சுக்குழாயில் சிக்கக்கூடியது என்பதால், ஐந்து வயதுவரை அதைக் கொடுக்கவே கூடாது.