சாக்லேட்டைத் தின்றது யாரு? ஒரு நாய்க்குட்டியும் இத்தலார் ட்ரிப்பும்!

"குட்டியை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? பேசாம கூடவே கூட்டிட்டுப் போயிடலாம்!"

புதுசா நாய்க்குட்டி வந்த வீடுகளில், லீவு விட்டதும் கேட்கும் டயலாக் இது. எங்கள் வீட்டிலும் கேட்டது. குட்டியின் பெயர் மிக்சர். வயது மூன்றரை மாதம், எடை 4 கிலோ. எந்த ஜாதி என்று யாருக்கும் தெரியாததால் தங்கை வைத்த பெயர். போக வேண்டிய இடம், ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் வழியில் இருக்கும் இத்தலார். அங்கே அப்பாவின் நண்பர் வீடு.

ரயிலில் போகலாம் என்றார் தாத்தா. ஆனால், ஃபர்ஸ்ட் கிளாஸில் இரண்டு பேர் கூபே அல்லது நான்கு பேர் கேபினை முழுசாக புக் செய்தால்தான் நாயைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியும். ஸ்லீப்பர், மற்ற ஏ.சி பெட்டிகளில் அனுமதி இல்லை. இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டுதான். "பாவம், குழந்தை" என்று அம்மா சொல்ல, கோவையிலிருந்து காரிலேயே கிளம்பினோம்.

14 வளைவு, 5 வாந்தி

நீலகிரிக்குள் போகும் வெளியூர் வண்டிகளுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். அதை வாங்கியாச்சு. கல்லாறு தாண்டும்போது பிளாஸ்டிக் சோதனை. மலையில் பிளாஸ்டிக்குக்குத் தடை என்பதால், அம்மா பத்திரமாக மடித்து வைத்திருந்த கேரி பேக்குகள் எல்லாம் அங்கேயே போய்விட்டன. அவை எதற்காக வந்தன என்பது மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் புரிந்தது. மிக்சர் தாத்தாவின் வேட்டியில் வாந்தி எடுத்தது.

மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மிக்சர் 5 முறை வாந்தி எடுத்தது. அதைப் பார்த்து தங்கை 2 முறை. கடைசியில் கைகொடுத்தது, வழியில் படிக்க அம்மா எடுத்து வந்த பழைய வார இதழ்கள்தான். தொடர்கதையின் முடிவு என்ன ஆனது என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

குட்டிகளுக்கு இது சகஜம். உடலின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உட்காது, சின்ன வயதில் முழுதாக வளர்ந்திருக்காது. அதனால் வண்டி ஆடினால் தலை சுற்றும். பெரும்பாலான குட்டிகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும்.

இருட்டியதும் காணோம்!

இத்தலாரில் முதல் நாள் சூப்பராகப் போனது. தேயிலைத் தோட்டம், காய்கறித் தோட்டம், குளிரில் நடுங்கியபடி டீ. போகும் வழியில் ஊட்டியில் வாங்கிய ஹோம்மேட் டார்க் சாக்லேட், கால் கிலோ பெட்டி, கட்டிலுக்குக் கீழே பையில் இருந்தது.

இரண்டாம் நாள் மாலை ஆறரை மணி. மிக்சரைக் காணோம்.

"நாயை வெளியே விட்டீங்களா?" என்று கேட்ட அப்பாவின் நண்பர் முகத்தில் சிரிப்பே இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரே முதலில் இறங்கினார். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி சுற்றுவட்டாரத்தில் சிறுத்தை வீட்டு வாசல் வரை வந்து நாயைத் தூக்கிப் போவது அடிக்கடி சிசிடிவி-யில் பதிவாகி, செய்தியாகும் விஷயம். சிறுத்தைக்கு மானைவிட நாய் சுலபமான இரை. அதனால் மலைக்காரர்கள் பொழுது சாய்ந்தால் நாயை உள்ளே அடைத்துவிடுவார்கள்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஆளுக்கொரு பக்கம் "மிக்சர்... மிக்சர்..." என்று கத்தினோம். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு கிண்ணத்தில் நிஜ மிக்சரோடு வந்து நின்றார். "பாவம், யாருக்கோ பசிக்குதுன்னு நினைச்சேன்!"

அரை மணி நேரம் கழித்து தங்கை வீட்டுக்குள்ளிருந்து கத்தினாள். கட்டிலுக்குக் கீழே, கிழிந்த சாக்லேட் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிக்சர். பெட்டி காலி.

சிரிப்பு நின்ற இடம்

சாக்லேட்டில் தியோப்ரோமின் என்ற பொருள் இருக்கிறது. நம் உடல் அதைச் சீக்கிரம் கரைத்துவிடும். நாயின் உடலில் அது பாதியாகக் குறையவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனால் வாந்தி, பேதி. 40-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60-ல் வலிப்பு வரலாம். டார்க் சாக்லேட்டில் ஒரு கிராமுக்கு சுமார் 5 மில்லிகிராம் இருக்கும். அதாவது, 4 கிலோ குட்டிக்கு 50 கிராமே ஆபத்து. இங்கே பெட்டி கால் கிலோ.

கால்நடை மருத்துவர் போனிலேயே மூன்று கேள்வி கேட்டார். என்ன சாக்லேட்? எவ்வளவு? எப்போது? "உப்புத் தண்ணி எதுவும் கொடுக்காதீங்க. உடனே தூக்கிட்டு வாங்க" என்றார். ஊட்டிக்குப் பறந்தோம். அம்மா வழியெல்லாம் வேண்டுதல். தாத்தா மட்டும் பேசவே இல்லை.

வாந்தி எடுக்க வைக்கும் ஊசியை மருத்துவர் கையில் எடுத்ததும், தாத்தா எழுந்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம். அந்தப் பெட்டி நேத்து ராத்திரியே காலி."

பத்து வருடமாக சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுகிறவர் தாத்தா. முதல் நாள் பகலில் பாதி, எல்லோரும் தூங்கிய பிறகு மீதி. மிக்சர் நக்கியது வெறும் பெட்டியை!

குட்டியை நன்றாகப் பரிசோதித்து, ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு மருத்துவர் சொன்னார். "குட்டிக்கு ஒண்ணும் இல்லை. ஐயாவுக்குத்தான் சுகர் டெஸ்ட் எடுக்கணும்."

குட்டியோடு மலையேறுகிறீர்களா?

* கிளம்புவதற்கு 3, 4 மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். நம் வாந்தி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

* ஒரு வாரம் முன்பிருந்தே சின்னச் சின்ன கார் பயணம் பழக்குங்கள். மடியில் வைக்காமல் கூண்டில் வைத்தால் குட்டிக்கும் பாதுகாப்பு, ஓட்டுகிறவருக்கும் நிம்மதி. பழைய துண்டு, பேப்பர் நிறைய எடுங்கள்.

* சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை போட்ட கேக் எல்லாம் உயரத்தில், மூடிய பையில்.

* சாயங்காலம் ஆனால் குட்டி வீட்டுக்குள். வெளியே போனால் கயிறோடு மட்டும். புலிகள் காப்பகத்துக்குள் நாயைக் கொண்டு போகக் கூடாது.

* வெறிநாய்க்கடித் தடுப்பூசி 3 மாதத்தில் போட வேண்டும். அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். விளையாட்டாகப் பல் பட்டு ரத்தம் வந்தாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 1902-ல் ஓர் இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். தென்னிந்தியாவில் அப்போது அதற்குச் சிகிச்சையே இல்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது.

முக்கியமாக, குட்டி எதையாவது தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால், கூகுளில் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். மருத்துவருக்கு போன் போடுங்கள். அப்படியே, வீட்டில் வேறு யாராவது தின்றார்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்!